அனுதாபம் வேண்டாம், அட்வான்ஸ் கொடுங்கள்!

தமிழ்நாட்டு நகரவாசியைப் போல விவசாயி மேல் பாசம் வைத்திருப்பவர் உலகத்தில் வேறு எங்காவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். ‘கத்தி’ படத்தில் ஹீரோ விவசாயிக்காகப் பேசியபோது தியேட்டரில் விசில் பறந்தது. ‘கடைக்குட்டி சிங்கம்’ பார்த்துவிட்டு, நாமும் ஊரில் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன என்று வீட்டுக்கு வீடு பேசினோம். 2017-ல் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, செல்போன் சூடாகும் அளவுக்கு ஃபார்வர்டு செய்தோம். பொங்கலன்று ஏர் பிடித்த விவசாயி படம் போட்டு வாழ்த்து அனுப்பாத ஆள் உண்டா?

மறுநாள் காலை கீரைக்காரம்மா தெருவில் வருகிறார். “என்னம்மா, கட்டு இருபது ரூபாயா? பதினஞ்சுக்குக் குடு!”

அந்த அஞ்சு ரூபாயைப் பிடித்துக்கொண்டு உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போகிறேன் என்று பயப்படாதீர்கள். பேரம் பேசுவது பாவம் இல்லை. வாங்குகிறவர் குறைத்துக் கேட்பார், விற்கிறவர் கூட்டிச் சொல்வார். சந்தை என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து அப்படித்தான். என்னுடைய சண்டை பேரத்தோடு இல்லை. பாசத்தோடு.

நான் பி.காம். படித்தவன். எந்தச் செய்தியைப் பார்த்தாலும் இது பற்றா, வரவா என்றுதான் முதலில் புத்தி போகும். விவசாயி மேல் நமக்கு இருக்கும் பாசத்தை அவருடைய கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இடமில்லை. விதை வாங்க அது உதவாது. கூலி கொடுக்க உதவாது. மோட்டார் காயில் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடைக்காரர் பாசத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்.

பாசத்துக்கு ஆயுளும் கம்மி. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் கூடினோம். அந்த வேகத்தில் வணிகர் அமைப்புகள், மார்ச் 1 முதல் கோக்கும் பெப்ஸியும் விற்க மாட்டோம் என்று அறிவித்தன. இன்றைக்கு உங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

விவசாயிக்கு நகரத்திலிருந்து வேண்டியது அனுதாபம் இல்லை. வொர்க்கிங் கேபிடல். நடைமுறை மூலதனம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். ஊர்ப் பாஷையில் சொன்னால் ‘கையில் புழங்குகிற பணம்’. அதோடு இன்னொன்றும் வேண்டும்: விளைந்ததை இன்னார் இன்ன விலைக்கு வாங்குவார் என்கிற நிச்சயம். இந்த இரண்டையும் கொடுக்காமல் “விவசாயியைக் காப்போம்” என்று சொல்வது, பசித்தவருக்கு மெனு கார்டை வாசித்துக் காட்டுவது மாதிரி.

*

முதலில் ஒரு கணக்கு. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, காய்கறிக்கு நாம் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று அகில இந்திய அளவில் கணக்குப் போட்டுச் சொன்னது. தக்காளிக்கு 33 சதவீதம். வெங்காயத்துக்கு 36. உருளைக்கிழங்குக்கு 37. அதாவது, தக்காளிக்கு நாம் நூறு ரூபாய் கொடுத்தால் விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, பறித்தவருக்கு 33 ரூபாய். மீதி 67 ரூபாய் வழியில்.

இந்த இடத்தில் நம்மாட்கள் டக்கென்று ஒரு வில்லனைப் பிடித்துவிடுவார்கள். “எல்லாம் இந்த இடைத்தரகனால வர்றது சார்!”

கொஞ்சம் நில்லுங்கள். அந்த 67 ரூபாயும் ஒரே ஆள் பாக்கெட்டுக்குப் போவதில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, மண்டி கமிஷன், அழுகிப் போகும் கழிவு, மொத்த வியாபாரி லாபம், சில்லறைக் கடைக்காரரின் வாடகையும் கரன்ட் பில்லும் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், மண்டிக்காரர் விவசாயிக்கு ஒரு வேலை செய்கிறார். பாங்க் செய்யாத வேலை. நாம் செய்யாத வேலை.

அட்வான்ஸ் கொடுக்கிறார்.

ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு சின்ன விவசாயிக்கு விதைப்பு சமயத்தில் பணம் வேண்டும். பாங்க்கில் சிட்டா கேட்பார்கள், அடங்கல் கேட்பார்கள், பழைய பாக்கி கேட்பார்கள். நிலம் குத்தகை நிலமாக இருந்தால் அந்தப் பேப்பரே அவர் பேரில் இருக்காது. மண்டிக்காரர் எதையும் கேட்பதில்லை. “வாங்கிட்டுப் போ, சரக்கை எனக்கே போட்டுடு” என்கிறார். பொண்ணு கல்யாணமா, ஆஸ்பத்திரிச் செலவா, அதற்கும் ராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டலாம். அதற்கு விலை, சரக்கை வேறு யாருக்கும் போடக்கூடாது என்பது. அவர் போடும் ரேட்டுதான் ரேட்டு. கழிவு என்று அவர் கழிப்பதுதான் கழிவு. வட்டி என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஆக, விவசாயி மண்டிக்குப் போவது ஏமாளி என்பதால் இல்லை. அவரை நம்பி முன்பணம் கொடுக்க ஊரில் வேறு ஆள் இல்லை என்பதால். அந்த இடத்தில் வந்து உட்கார யார் தயார் என்பதுதான் கேள்வி. திட்டுவதற்கு எல்லாரும் தயார்.

*

உழவர் சந்தை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். யோசனை அவருடையது மட்டும் இல்லை. பஞ்சாபில் 1987-லேயே ‘அப்னி மண்டி’ வந்துவிட்டது. அதே 1999-ன் ஆரம்பத்தில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு ‘ரைத்து பஜார்’ தொடங்கியிருந்தார். நல்ல விஷயத்தைக் காப்பியடிப்பது தப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் தப்பு.

ஏற்பாடு எளிமையானது. சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகளுக்கு ஃபோட்டோ ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசம். அன்றன்று காலையில் மொத்த மார்க்கெட் விலையைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் கொஞ்சம் குறைவாகவும் ஒரு விலை வைத்து போர்டில் எழுதிவிடுவார்கள். விவசாயிக்கும் லாபம், நமக்கும் லாபம். இன்று மாநிலம் முழுக்க 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள். கோவை, சேலம், ஈரோடு, மதுரை பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கூட்டம் நெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கம் செய்த உருப்படியான காரியங்களின் பட்டியலில் இதற்கு எப்போதும் இடம் உண்டு.

ஆனால் இதற்கும் கட்சிச் சாயம் பூசினோம். 2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரின்றிப் போயின. 2006-ல் ஆட்சி மறுபடி மாறியதும் தூசி தட்டித் திறந்தார்கள், புதிதாகவும் கட்டினார்கள். கத்தரிக்காயில் எந்தக் கட்சிக் கொடி இருக்கிறது? தலைவர் திறந்த கல்வெட்டைப் பார்த்து வெண்டைக்காய் காய்க்குமா, காய்க்காமல் போகுமா? ஆனால் அந்தச் சந்தையை நம்பிப் பயிர் வைத்தவரின் அஞ்சு வருஷம் போனது நிஜம்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. உழவர் சந்தை விவசாயிக்கு இடம் கொடுத்தது, தராசு கொடுத்தது, விலை கொடுத்தது. வாடிக்கையாளரைக் கொடுக்கவில்லை. அது அரசாங்கத்தால் முடியாது. அது நம் வேலை. நாம் என்ன செய்தோம்? வெளியே விலை ஏறினால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விலை இறங்கியதும், “அவ்வளவு காலையில யார் எழுந்து போறது” என்று விட்டுவிட்டோம். இப்போது பத்தே நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குக் கொத்தமல்லி கொண்டுவரும் கம்பெனிகள் வேறு வந்துவிட்டன. நாம் பல் தேய்த்து முடிப்பதற்குள் காய் வந்துவிடுகிறது. அந்தக் காய் எந்த ஊர், யார் பயிர் செய்தது, அவருக்கு என்ன கிடைத்தது என்று செயலியில் எந்தப் பட்டனை அமுக்கினாலும் தெரியாது.

மண்டிக்காரர் 365 நாளும் விவசாயிக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். நாம் வருஷத்தில் பத்து நாள் போய்விட்டு, விவசாயி நம்மை நம்பவில்லையே என்று வருத்தப்படுகிறோம்.

*

இந்தப் பிரச்னைக்கு முதன்முதலில் விடை கண்டுபிடித்தவர்கள் பொருளாதார மேதைகள் இல்லை. குடும்பத் தலைவிகள். ஜப்பானில்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், குழந்தைகள் சாப்பிடும் காயிலும் குடிக்கும் பாலிலும் என்னென்ன ரசாயனம் இருக்கிறதோ என்று ஜப்பானியத் தாய்மார்கள் கவலைப்பட்டார்கள். ஊர்வலம் போனதோடு நிற்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நேரடியாக விவசாயிகளிடம் போய் ஓர் ஒப்பந்தம் போட்டன. நீங்கள் இப்படிப் பயிர் செய்யுங்கள், விளைகிற எல்லாவற்றையும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். கோணலாக இருந்தாலும் சரி, குட்டையாக இருந்தாலும் சரி. அந்த முறைக்கு ‘தெய்கெய்’ என்று பேர். கூட்டு என்று அர்த்தம். 1986-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போன்ற ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. பருவத்தின் தொடக்கத்திலேயே ஊர்க்காரர்கள் பண்ணையின் செலவைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாராவாரம் விளைந்ததில் பங்கு வீட்டுக்கு வரும். நன்றாக விளைந்தால் கூடை நிறையும். மழை கெடுத்தால் கூடை குறையும். பணம் வாபஸ் கிடையாது.

கடைசி வரியைக் கவனியுங்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. நஷ்டத்திலும் பங்கு. கம்பெனிச் சட்டத்தில் இதற்குப் பங்குதாரர் என்று பேர். ஷேர் மார்க்கெட்டில் முகம் தெரியாத கம்பெனிக்குப் பணம் போட்டுவிட்டு, “மார்க்கெட் ரிஸ்க் இருக்கும் சார்” என்று பெருந்தன்மையாகச் சொல்கிற நாம், நம் தட்டில் சோறு போடுகிறவரிடம் மட்டும் ஒரு ரூபாய் ரிஸ்க் எடுக்கத் தயாரில்லை.

இங்கே நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, உங்கள் அபார்ட்மென்ட்டில் 200 வீடு. அதில் 50 வீடு சம்மதிக்கிறது. ஒரு வீட்டுக்கு வாரத்துக்குக் காய்கறி 400 ரூபாய். வாரம் 20,000. பன்னிரண்டு வாரத்துக்கு 2,40,000. ஊருக்கு வெளியே முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் அஞ்சு சின்ன விவசாயிகளுக்கு இதைப் பிரித்தால் ஆளுக்கு 48,000. அதில் பாதியை விதைக்கும்போதே கொடுத்துவிட்டால், கைக்கு 24,000. வட்டி கிடையாது. மண்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. உங்களுக்கு வந்த செலவு? எப்படியும் காய்கறிக்குக் கொடுக்கப்போகிற பணத்தில் ஆறு வாரத்துப் பணத்தைக் கொஞ்சம் முன்கூட்டிக் கொடுக்கிறீர்கள். வீட்டுக்கு 2,400 ரூபாய். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் சராசரி நிலம் 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. அந்த அளவு நிலத்தை வைத்திருப்பவருக்குப் பெரிய கம்பெனியும் ஏற்றுமதியும் கட்டுப்படியாகாது. ஆனால் பக்கத்து ஊர் அம்பது வீடு தாராளமாகக் கட்டுப்படியாகும். அந்த அளவுக்கு அவர் சரி, அந்த அளவுக்கு நாமும் சரி.

ஒரே ஒரு கஷ்டம்தான். நாணயம்.

தக்காளி விலை 2023 ஜூலையில் நூறைத் தாண்டி எங்கேயோ போனது ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் விற்க வேண்டிவந்தது. வேறு சில சமயம் அதே தக்காளியைப் பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இந்த ரெண்டுக்கும் நடுவில் இரு தரப்பும் உட்கார்ந்து, பருவம் முழுக்க கிலோ 30 என்று பேசி முடிக்கிறோம் என்று வையுங்கள். வெளியே 10 ரூபாய்க்கு விற்கும்போது நீங்கள் 30 கொடுக்க வேண்டும். வெளியே 120-க்கு விற்கும்போது அவர் உங்களுக்கு 30-க்குத் தர வேண்டும். முதல் நாள் அவருக்கு நல்ல நாள், ரெண்டாவது நாள் உங்களுக்கு. இதில் யார் முதலில் வாக்குத் தவறுவார்? விவசாயி என்று நினைக்கிறீர்களா? எனக்கு நம் ஆட்கள் மேல்தான் சந்தேகம். “வாசல்ல வண்டிக்காரன் பத்து ரூபாய்க்குத் தர்றான், இதென்ன பைத்தியக்காரத்தனம்” என்று மூணாவது மாடியிலிருந்து முதல் குரல் வரும்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத் தெரிந்த நாலு பேர் ஒவ்வொரு அபார்ட்மென்ட்டிலும் வேண்டும். சமூகம், சமூகம் என்று சொல்கிறோமே, அது அந்த நாலு பேர்தான்.

*

சில ஆட்சேபங்களைப் பார்த்துவிடலாம்.

“இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு சார்.” பாதி நியாயம். நம்மாழ்வார் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏ.சி. போட்ட கடையில், மண்பானை டிசைன் போட்ட பாக்கெட்டில் மூணு மடங்கு விலைக்கு விற்கிற ‘இயற்கை அங்காடி’களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 2013 டிசம்பரில் மறைந்த அந்தப் பெரியவர் கிராமம் கிராமமாக நடந்தது, நம் வரவேற்பறைக்கு வரகரிசி முறுக்கு சப்ளை செய்வதற்காக இல்லை. நான் சொல்வது அந்தக் கடையை இல்லை. ஆர்கானிக்கா இல்லையா என்பதுகூட ரெண்டாவது கேள்வி. யார் விளைவித்தார், அவருக்கு என்ன போனது என்று தெரிவது முதல் கேள்வி. முகம் தெரிந்தவருக்குச் சாப்பாடு போடுகிறவர் மருந்து அடிப்பதைத் தானே குறைப்பார். நாமும் பூச்சி கடித்த கத்தரிக்காயை ஒதுக்கித் தள்ளுவதைக் குறைப்போம்.

இது ஏழைகளுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் வழி வேறு. அந்த வழியை பிரேசில் காட்டியிருக்கிறது. அங்கே 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரே சட்டம். குழந்தைக்கு நல்ல காய். பக்கத்து ஊர் விவசாயிக்கு நிச்சயமான வாடிக்கை. மாணவர் எண்ணிக்கை தெரியும், பள்ளி நாள் தெரியும், எவ்வளவு வேண்டும் என்பது விதைக்கும்போதே தெரியும்.

மதிய உணவுக்கு உலகத்துக்கே பாடம் எடுக்கத் தகுதியுள்ள ஊர் நம்முடையது. காமராஜர் 1956-ல் விதைத்தார், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் வந்து, 2023 ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. ஒவ்வொரு கிராமத்திலும் அடுப்பு எரிகிறது. சாம்பார் கொதிக்கிறது. அந்தச் சாம்பாரில் போடும் கத்தரிக்காயில் ஒரு பங்கை அந்தக் கிராமத்து விவசாயியிடமே வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட எவ்வளவு செலவாகும்? பேப்பர் செலவுதான். முட்டைக்கு டெண்டர் போடுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக் காட்டினால் போதும்.

“அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தான் இருந்துச்சு, ஊரே ஒரு குடும்பமா இருந்தோம். அதுக்குத்தான் திரும்பணும்.” இல்லை ஐயா. மன்னிக்கவும். அந்தக் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, சேற்றில் யார் நின்றார்கள், கூலியை யார் கை படாமல் அளந்து போட்டார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத ஊரைக் குடும்பம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது பழைய கிராமம் இல்லை. உழவர் சந்தையில் அட்டை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே தராசு, ஒரே விலை, ஒரே வரிசை என்று இருக்கிறதே, அந்த மாதிரிப் புது உறவு. குத்தகை விவசாயிக்கும், பட்டா புருஷன் பேரில் இருக்க வெயிலில் தான் நிற்கிற பெண்ணுக்கும் அந்த அட்டை தகராறில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“கோயம்பேடு இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?” 2020 மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? கொரோனா பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். ஒரு மாநகரத்தின் அடுப்பு முழுக்க ஒரே வாசல் வழியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் பல பேருக்குப் புரிந்தது. முட்டையை எல்லாம் ஒரே கூடையில் அடுக்கக் கூடாது என்று ம்யூச்சுவல் ஃபண்டுக்குச் சொல்கிறோம். முட்டைக்குச் சொல்வதில்லை.

*

கணக்கியலில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை வைப்பார்கள். பல வருஷமாக ஒரே ஆளிடம் வாங்கி, ஒரே ஆளுக்கு விற்று, ரெண்டு பேரும் ஏமாற்றாமல் இருந்ததால் சேர்ந்த மதிப்பு அது. நம் ஊரில் அதற்கு ரசீது கிடையாது. கொசுறு உண்டு. காய் வாங்கி முடித்ததும் கேட்காமலே பையில் விழுகிற ரெண்டு கொத்து கருவேப்பிலை. செயலியில் கூப்பன் வரும், கேஷ்பேக் வரும். கொசுறு வராது. ஏனென்றால் அது தள்ளுபடி இல்லை. “நாளைக்கும் வாங்க” என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பது.

பாசத்தைப் பேசிப் பேசி நாம் தொலைத்துக்கொண்டிருப்பது இந்தச் சொத்தைத்தான். இது பேச்சில் சேராது. கொடுக்கல் வாங்கலில்தான் சேரும்.

ஆகவே, மூன்று விஷயம். மூன்று பேருக்கு.

அரசாங்கத்துக்கு: சத்துணவுக்கும் காலை உணவுக்கும் வாங்கும் காய்கறியில் ஒரு பங்கை உள்ளூர்ச் சிறு விவசாயிகளிடம் வாங்குவதைச் சட்டமாக்குங்கள். எந்த ஆட்சி வந்தாலும் மாற்ற முடியாதபடி. உழவர் சந்தைக்குள் விவசாயி வேஷத்தில் உட்காரும் வியாபாரியை வெளியே அனுப்புங்கள். வேலைக்குப் போகிறவர்களும் வந்து வாங்க வசதியாக நேரத்தை வையுங்கள்.

எதிர்க்கட்சிகளுக்கு, அது எந்தக் கட்சியாக இருந்தாலும்: அடுத்த முறை ஆட்சிக்கு வந்தால் கல்வெட்டை மாற்றுங்கள், பரவாயில்லை. சந்தையை மாற்றாதீர்கள்.

நமக்கு: இந்தப் பொங்கலுக்கு ஏர் பிடித்த விவசாயி படத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள். “பன்னிரண்டு வாரத்துக்கு ஒரே விவசாயிகளிடம் காய் வாங்க யார் யார் தயார்? முன்பணம் 2,400 ரூபாய். மழை பெய்தால் வாபஸ் கிடையாது.”

எத்தனை கை தூக்குகிறது என்று பாருங்கள். நம் விவசாயப் பாசத்தின் நிஜமான நிலுவை அந்த எண்ணிக்கைதான்.